என் மகளின் சீனிக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் 22 ஆண்டுகளாகக் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, வேலை பார்க்கிறேன். வேலைக்கு முன் ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பது, குலைகளின் எடையைப் பதிவது, செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டை எழுதுவது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்ப்பது என்று என் பொழுது எண்களோடுதான் கழிகிறது. ஆகவே, எட்டு வயதில் என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு என்று சொல்லி, ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு முறை இரத்தச் சர்க்கரையைப் பார்த்து எழுதி வாருங்கள் என்று ஒரு சிறு குறிப்பேட்டை மருத்துவமனையில் கொடுத்தபோது, மற்றப் பெற்றோரைவிட எனக்கு இது எளிதாக இருக்கும் என்றே எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. இப்போது அவளுக்குப் பதினாறு வயது.

முதலில் நோய் வெளிப்பட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் இழந்த நாட்களை இன்னொரு குடும்பம் இழக்கக்கூடாது. பள்ளி விடுமுறையில் அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கமாகிய படுக்கையை நனைப்பது திரும்பி வந்தது, கண்டித்தோம். பள்ளி திறந்த அன்று சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கியபோது, என் மனைவி அதை ஊக்கு குத்திச் சரிசெய்து அனுப்பினாள்; வளர்கிற பிள்ளை மெலிவது இயல்பு என்று என் தாயார் சொன்னார். குளியலறை மூலையில் எறும்பு வரிசையைப் பார்த்து மருந்து தெளித்தவன் நான்தான். பிறகு வாந்தி தொடங்கியது. நாங்கள் சென்ற கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று நள்ளிரவில் அவள் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும், ஓடி வந்தவளுடையதைப் போல, ஏறி இறங்கியது. அருகில் குனிந்தபோது அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. அரசு மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தபோது, கருவி எண் எதையும் காட்டாமல் ‘ஹை’ என்ற எழுத்தை மட்டும் காட்டியது. பெரும்பாலான கருவிகள் 33.3-க்கு மேல் போனால் அப்படித்தான் காட்டும் என்பது பின்னால் தெரிந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போவுக்குக் கொண்டுபோய்த் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

இங்கே நான் எழுதும் எண்கள் எல்லாம் மலேசிய வழக்கப்படி, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு; தமிழ்நாட்டு வாசகர்கள் 18-ஆல் பெருக்கிக்கொண்டால் அவர்களுக்குப் பழக்கமான எண் வரும். பிள்ளை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்தும் வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் “விரலில் குத்திச் சீனி பாருங்கள்” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தமும் சில விநாடிகளும்தான் செலவு. கேட்கக் கூச்சப்பட்டதால் நான் என் மகளை இழந்திருப்பேன்.

வீடு திரும்பிய பிறகு எங்களை அலைக்கழித்தது நோயைவிட அறிவுரைதான். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயங்களிலும் சீனி வியாதி இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் எல்லாருமே இதில் தேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் அறிந்தது இரண்டாம் வகை: அதில் உடலில் இன்சுலின் சுரந்தும் அது சரிவர வேலை செய்யாது, நாளடைவில் சுரப்பும் குறையும், உணவைக் குறைத்து, நடந்து, மாத்திரை சாப்பிட்டுப் பலர் சமாளிக்கலாம். என் மகளுக்கு வந்தது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிட்டது. அவளுக்கு இன்சுலின் என்பது மருந்து அல்ல. சோறு போல, மூச்சுக்காற்று போல, அது இல்லாமல் சில நாட்களுக்கு மேல் உயிர் தரிக்காது. இந்த வேறுபாட்டை என் தாயாருக்கு விளக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மகளுக்கு விளக்க வேண்டியதோ முதல் வாரத்திலேயே வந்துவிட்டது, ஏனென்றால் மருத்துவமனைக் கட்டிலில் அவள் கேட்ட முதல் கேள்வி, “நான் மிட்டாய் தின்னதாலயா பா?” என்பது. இல்லை, நீ தின்ற எதனாலும் இல்லை, அம்மாவும் நானும் செய்த எதனாலும் இல்லை என்று அப்போது சொன்னதை ஆண்டுக்கு ஒரு முறையாவது மீண்டும் சொல்கிறேன். பிள்ளைகள் அந்தக் குற்ற உணர்வை வெளியே காட்டாமல் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

சாகும் வரைக்கும் ஊசியா என்று அவள் அழுத ஓர் இரவில், இன்சுலின் வந்த கதையைச் சொன்னேன். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு வைத்திருப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியாது. 1921-இல் கனடாவின் டொரோண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து அந்தச் சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் நாள் ஒரு 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து தூய்மையாக இல்லாததால் அது சரிவரவில்லை. கோலிப் என்ற வேதியியலாளர் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த பிறகு, அதே மாதம் 23-ஆம் நாள் மீண்டும் போட்டபோது பிள்ளை தேறினான். “அந்தக் காலத்துலதான் உன் கொள்ளுத்தாத்தா கங்காணி பின்னால கப்பல் ஏறி இங்க பால்மரம் வெட்ட வந்தாரு, அவருக்கு உன் நோய் வந்திருந்தா நாம யாரும் இல்ல,” என்றேன். அவள் அழுகையை நிறுத்தி, அந்தப் பையன் பிறகு பள்ளிக்கூடம் போனானா என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் மாதத்தில் இன்சுலின் தேவை தானாகக் குறைந்தது. சர்க்கரை நான்கு, ஐந்து என்று அழகாக நின்றது. அந்நேரம் பார்த்து உறவினர் ஒருவர் கொடுத்த பாகற்காய்ச் சாறும், என் தாயார் முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனும் ஒன்றாக அமைந்துவிட்டதால், நோய் ஓடிவிட்டது என்று வீடு முழுவதும் நம்பியது. நானும் நம்பினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மருத்துவரைக் கேட்காமலேயே இரவு ஊசியின் அளவைப் பாதியாக்கினேன். நான்காம் நாள் அவள் சிறுநீரில், இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலம் தெரிந்தது. சிகிச்சை தொடங்கியதும், எஞ்சியிருக்கும் சில அணுக்களுக்கு ஓய்வு கிடைத்து அவை சிறிது காலம் மீண்டும் சுரக்கும் என்றும், ‘தேனிலவு’ என்று மருத்துவர்கள் அழைக்கும் அந்தக் காலம் சில மாதங்களிலோ ஓர் ஆண்டிலோ முடிந்துவிடும் என்றும், அதுவரை அளவைக் குறைக்கலாமே தவிர அதுவும் மருத்துவர் சொல்லித்தான் என்றும், நிறுத்தவே கூடாது என்றும் ஈப்போவில் விளக்கினார்கள். பாகற்காய்ச் சாற்றின் மேல் எனக்குக் கோபமில்லை, குடிக்கட்டும். அதைக் குடித்துவிட்டு ஊசியை விடுவதில்தான் ஆபத்து.

இனிச் சோற்றுக்கு வருகிறேன். அவளுக்குப் போடுவது இரண்டு வகை இன்சுலின்: இரவில் ஒரு முறை போடும் நீண்ட நேர இன்சுலின், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன் போடும் விரைவு இன்சுலின். இரண்டாவதன் அளவு, சாப்பிடப் போகும் மாவுச்சத்தைப் பொறுத்தது. உணவியல் நிபுணர் கிராம் கணக்கில் சொன்னபோது என் மனைவி மலைத்துப்போனாள். ஆயுளில் ஒரு நாளும் அவள் சோற்றை நிறுத்துப் போட்டதில்லை. நான் கடைத்தெருவில் ஒரு சிறு தராசு வாங்கி வந்தேன். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் கிண்ணம் உண்டு. விளிம்பில் சிறு நெளிவு இருக்கும். அதில் தலைதட்டிச் சோறு போட்டு நிறுத்தால் சரியாக 150 கிராம் வந்தது. அப்படியானால் மாவுச்சத்து 42 கிராம். 12 கிராமுக்கு ஓர் அலகு என்பது அப்போது அவளுக்கு மருத்துவர் வகுத்த விகிதமாதலால், மூன்றரை அலகு. (இந்த விகிதம் பிள்ளைக்குப் பிள்ளை, வயதுக்கு வயது மாறும், என் மகளின் எண்ணை உங்கள் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.) அன்றிலிருந்து அது ‘பாப்பா கிண்ணம்’ ஆயிற்று. தராசு ஒரு மாதம்தான் தேவைப்பட்டது; கிண்ணம் எட்டு ஆண்டுகளாக ஓடுகிறது. கிராம் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. நெளிந்த கிண்ணத்தில் தலைதட்டி ஒன்று என்றால் மூன்றரை, அரைக் கிண்ணத்தோடு ஒரு தோசை என்றால் இத்தனை என்பது வாய்ப்பாடு போல மனத்தில் தங்கிவிட்டது. வீட்டுத் தோசையை ஒரே கரண்டியால் ஒரே அளவு ஊற்ற என் மனைவி பழகிக்கொண்டாள்.

எங்களைப் பல நாள் ஏமாற்றியது ரொட்டி சானாய் என்ற பரோட்டா. மாவுச்சத்தைச் சரியாகக் கணக்கிட்டு ஊசி போட்டால், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எண் அருமையாக இருக்கும். நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து 15-க்கு ஏறி நிற்கும். அதில் ஊறியிருக்கும் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துகிறது என்பதும், இன்சுலின் தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகே சர்க்கரை வந்து சேர்கிறது என்பதும் விளங்கியதும், தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்றின் மர்மமும் சேர்ந்தே விளங்கிவிட்டது. அவற்றை நாங்கள் விலக்கவில்லை. எதையும் ‘உனக்குக் கூடாது’ என்று சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். எப்போது, எவ்வளவு, அதற்கு எவ்வளவு ஊசி என்பதுதான் பேச்சு. தீபாவளிக்கு அதிரசமும் உண்டு, கணக்கும் உண்டு.

பொறுப்பை அவளிடம் கொடுக்கத் தொடங்கியது மிகச் சிறிய ஒன்றிலிருந்து: எந்த விரலில் குத்துவது என்பதை அவள் சொல்வாள். மருத்துவமனையில் ஒரு தாதி சொல்லிக்கொடுத்த வழி இது. குத்துவதா வேண்டாமா என்று பிள்ளையைக் கேட்கக்கூடாது, அதில் அவளுக்கு உரிமை இல்லை. எந்த விரல் என்பதில் முழு உரிமை உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு என்பதை அவளே கண்டுபிடித்ததைப் போல ஒரு நாள் எனக்குச் சொன்னாள். பிறகு எண்ணைப் படித்துச் சொல்வது, அதன் பிறகு தானே குத்துவது, பத்து வயதில் இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசி அது) இரண்டு அலகு வெளியே விட்டுச் சோதிப்பது, பதினொன்றில் நான் பார்த்துக்கொண்டிருக்க அளவைத் திருகித் தானே போட்டுக்கொள்வது, ஊசியை உடனே உருவாமல் பத்து எண்ணுவது என்று படிப்படியாகப் போயிற்று. வயிற்றில் ஒரே இடத்தில் போட்டால் வலிக்கவில்லை என்று அவள் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டதால், அங்கே தோலுக்கடியில் மெத்தென்று ஒரு கட்டி எழும்பியது; அந்தக் கட்டியில் போடும் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. இப்போது வயிறு, தொடை என்று வாரம் பிரித்துப் போடுகிறாள்.

பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது கணிதப் பாட வேளையில் கை நடுங்குகிறது என்று எழுந்து சொன்னவளை, மணி அடிக்கும் வரை உட்கார் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மணி அடித்ததும் தோழி ஒருத்தி கைத்தாங்கலாக அலுவலகத்துக்குக் கூட்டிவந்தபோது எண் 2.9. நான்குக்குக் கீழே இறங்கினாலே தாழ்வு. உடனே 15 கிராம் அளவுக்கு வேகமாகக் கலக்கும் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் பொறுத்து, மீண்டும் பார்க்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் அன்று ஆசிரியரிடம் பேசாமல் திரும்பியது நல்லதாயிற்று. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை. நான் தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மறுநாள் தமிழிலும் மலாயிலும் ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போனேன். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பார்த்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருப்பது ஆகியவை தாழ்வின் அறிகுறிகள் என்பதையும், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்பதையும், சாக்லேட் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் அது உதவாது என்பதையும், தனியே சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்பக்கூடாது என்பதையும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். வகுப்பு அலமாரியில் சீனிப் பொட்டலங்களோடு ஒரு பிஸ்கட் டின் வைத்தோம். அந்த ஆசிரியர்தான் அடுத்த மூன்று ஆண்டுகளும் விளையாட்டுப் போட்டி நாட்களில் அந்த டின்னைத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டு திடலில் நின்றவர்.

வெயிலைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு, அதுவும் என் பிழையால்தான். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்க வேண்டும். உறைகுளிர் அறையை ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். பயன்பாட்டில் உள்ள பேனாவை வெளியே வைக்கலாம், ஆனால் பெரும்பாலான வகைகளுக்கு 30 பாகைக்குள், ஏறத்தாழ நான்கு வாரங்கள் மட்டும். ஒரு சனிக்கிழமை பேனாவை என் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கடியில் வைத்துவிட்டு, எடைமேடை அருகே இரண்டு மணி நேரம் வெயிலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். அன்று மாலையிலிருந்து எவ்வளவு போட்டாலும் எண் 18, 20 என்றே நின்றது. பிள்ளை ஒளித்து எதையோ தின்றுவிட்டாள் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. இரண்டு நாள் அவளைக் குடைந்தெடுத்த பிறகு, பேனாவை மாற்றிப் பார் என்று தொலைபேசியில் தாதி சொன்னார். புதுப் பேனாவில் ஆறு மணி நேரத்தில் எண் இறங்கியது. அதன் பிறகு, ஒரு பெரிய மண்சட்டிக்குள் ஈரமணலிட்டு அதற்குள் சின்னச் சட்டியை வைத்து, மூடியிட்டுச் சமையலறை நிழலில் வைத்திருக்கிறோம். மின்சாரம் தடைப்படும் நாட்களிலும் அது கைகொடுக்கிறது. மகளிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதன் விளைவோடு சேர்ந்துதான் பதின்மூன்று வயது வந்தது. தமிழ்ப்பள்ளி முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். எல்லாம் தெரிந்த பிள்ளை, இனி அவளே பார்த்துக்கொள்வாள் என்று நாங்கள் ஒரேயடியாகக் கையை எடுத்துவிட்டோம். இரவில் குறிப்பேட்டை மட்டும் நான் பார்ப்பேன். அந்த ஆண்டு அவள் குறிப்பேடு மிக நேர்த்தியாக இருந்தது: 6.4, 7.1, 6.8, 7.3. எனக்குப் பெருமை. மருத்துவமனையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை செய்தார்கள். பொதுவாக 7 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டியது, 11.2 என்று வந்தது. மருத்துவர் கருவியின் நினைவகத்தைத் திறந்து பார்த்தார். சில வாரங்களில் நான்கு நாட்கள் தொடர்ந்து ஒரு பதிவும் இல்லை.

அன்று இரவு குறிப்பேட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வேலைக்கு வராத ஆளுக்குப் பேர் போட்ட செக்ரோலை என் அனுபவத்தில் நான்கைந்து முறை பிடித்திருக்கிறேன். ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அமர்வில் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். உண்மைக் கணக்கில் அழுக்கு இருக்கும். இவளுடைய பழைய குறிப்பேடுகளின் பக்கங்களில் எங்காவது ஒரு மூலையில் காய்ந்த இரத்தப் புள்ளி இருக்கும், விரலைத் துடைக்காமல் பேனாவை எடுத்ததால். இந்த நான்கு மாதப் பக்கங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. பழையவற்றில் இருந்த இன்னொன்றும் அப்போதுதான் என் கண்ணில் பட்டது: 10-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணையும் சுற்றி நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு மைப் பேனாவால் போட்ட வட்டம். ஐந்து ஆண்டுகளில் அப்படி நூற்றுக்கணக்கான வட்டங்கள்.

மறுநாள் சமையலறையில் அவளைக் கேட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. “12-னு எழுதினா சிவப்பு போட்டு, என்ன தின்னேனு கேப்பீங்க பா. 7-னு எழுதினா தலையத் தடவிட்டுப் போயிடுவீங்க,” என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்க்காமலேயே குழாயை மூடினாள்.

அந்தச் சிவப்புப் பேனா அலுவலகத்துக்குத் திரும்பியது. நாங்கள் பேசும் சொற்களையும் மாற்ற வேண்டியிருந்தது. ‘நல்ல சீனி, கெட்ட சீனி’ என்பதை விட்டோம். ஏற்றம், இறக்கம் என்று மட்டும் சொல்கிறோம். பள்ளியிலிருந்து வந்ததும் எண்ணைக் கேட்பதில்லை. பசியாறினாயா என்றுதான் முதல் கேள்வி. 16 என்று காட்டினால் ‘ஏன்’ என்று கேட்காமல், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கப் பழகினேன். ‘ஏன்’ என்பது அவள் காதில் ‘நீ என்ன தப்புச் செய்தாய்’ என்றே விழுந்திருக்கிறது. உண்மையில் பல ஏற்றங்களுக்கு அவள் செய்கை காரணமே இல்லை. பருவ வயதில் சுரக்கும் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) இன்சுலினை எதிர்த்து நிற்பதால் தேவை வெகுவாகக் கூடும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் அவளுக்கு எண் ஏறுவதைக் கண்டுபிடித்தது என் மனைவி; காய்ச்சல், தேர்வுப் பயம், தூக்கமின்மை எல்லாமும் ஏற்றும். கணக்கில் இடித்தால் ஆளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் தொழில் கற்றுத்தந்த புத்தி. பிள்ளை விஷயத்தில் அது உதவவில்லை.

அவளோடு சேர்ந்து நானும் ஒரு வாரம் விரலில் குத்தி எழுதிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஒரு கல்யாண வீட்டு விருந்துக்குப் பிறகு என் எண் 9.4 வந்தது. என் பெயர் போட்ட தாளில், என் மகள் பார்க்கப்போகும் கட்டத்தில், பேனாவை வைத்துக்கொண்டு 7.8 என்று எழுதினால் என்ன என்று நான் நினைத்த அந்த அரை நிமிடத்தை மறக்க முடியவில்லை. எழுதவில்லை. ஆனால் நினைத்தேன். (பிறகு முறையாகச் சோதித்ததில், நானும் இரண்டாம் வகையின் வாசலில் நிற்பது தெரிந்து சீனித் தேத்தண்ணியை விட்டது தனிக் கதை.)

பொறுப்பை மீண்டும் பிரித்துக்கொண்டோம். பள்ளி நேரச் சாப்பாட்டு ஊசி முழுக்க அவளுடையது. இரவு ஊசியை அவள் போடும்போது நான் அருகில் இருப்பேன். ஞாயிறு மாலை அரை மணி நேரம் இருவரும் கருவியின் பதிவுகளைப் பார்ப்போம், அவள்தான் விளக்குவாள், அவள் கேட்டால்தான் நான் பேச வேண்டும் என்பது எனக்கு விதிக்கப்பட்ட சட்டம். ஒருமுறை கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது தோல்வி இல்லை என்பதையும் கற்றோம்; தேர்வு மாதத்தில் இரவு ஊசியை நினைவூட்டும் வேலையை அவளே என்னிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டாள். காய்ச்சல் நாட்களில் மட்டும் பேரம் இல்லை, பெற்றோர்தான் பொறுப்பு: சாப்பிடவே இல்லை என்றாலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக்கூடாது, எண் 14-ஐத் தாண்டினால் கீட்டோன் பார்க்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்பிஏ1சி ஓர் ஆண்டில் 8.1-க்கு வந்தது, இப்போது 7.4. குறிப்பேட்டில் இரத்தப் புள்ளிகள் திரும்பிவிட்டன.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இன்சுலின் அரசு மருத்துவமனையில் கிடைத்துவிடுகிறது, சோதனைப் பட்டைகளில் பெரும்பகுதி எங்கள் கைக்காசு. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை ஓயாமல் காட்டும் உணர்கருவியைத் தொடர்ந்து வாங்க எங்களால் இயலவில்லை; பள்ளி முகாம், நெடும்பயணம் போன்ற நாட்களுக்கு மட்டும் வாங்குகிறோம்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலில் பால்குடம் எடுக்கிறேன் என்றாள். என் தாயார் அன்று வைத்த நேர்த்திக்கடன்தான். பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், கடன் நிற்கிறது என்றாள். சைவ உணவு விரதம் இருந்தாள், ஆனால் எந்த வேளையையும் பட்டினி போடவில்லை. அதை மருத்துவரிடம் அவளே பேசி முடிவு செய்தாள். நெடுநேரம் நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வது அன்றோடு நிற்காது, இரவிலும் தொடரும். அதனால் அன்றைய இரவு ஊசியை எவ்வளவு குறைப்பது என்பதையும் கேட்டு எழுதி வைத்திருந்தாள். மஞ்சள் பாவாடையின் இடுப்பில் ஒரு சிறு பையைத் தைத்துக் கொடுத்தாள் அவள் அம்மா; அதில் கருவியும் சீனிப் பொட்டலங்களும். வழியில் இரண்டு முறை ஓரமாக நின்று, குடத்தை என் தலைக்கு மாற்றிவிட்டு, விரலில் குத்திப் பார்த்தாள். ஒரு முறை ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டாள். எண் என்ன என்று நான் கேட்கவில்லை. குடத்தில் பால் தளும்பாமல் பிடிப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

வீடு வந்து எல்லாரும் அசந்து தூங்கினோம். பின்னிரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். அது அடிப்பதற்குள் விழிப்பு வந்து, கருவியை எடுக்கக் கூடத்துக்கு நடந்தேன். அவள் அறைக் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். “பாத்துட்டேன் பா, 5.8. ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன். போய்ப் படுங்க,” என்று உள்ளிருந்தே சொன்னாள்.